மதிப்பீட்டாளர் பெயர்

ஆய்விதழ் அலுவலக உதவியாளர் செல்லக்கிளியின் மேசையில் இதழின் ஆசிரியர் குழுத் தலைவரான பேராசிரியர் கோதண்டபாணி ஒரு கடிதத்தை வீசினார். அவருடைய கட்டுரையை இதழ் நிராகரித்திருந்தது.

"எழுதினவனுக்கு அடிப்படையே தெரியாதாம்! எந்த மடையன் மதிப்பிட்டான்?"

"மதிப்பீட்டாளர் பெயரைக் கட்டுரையாளரிடம் சொல்லக்கூடாது, சார். விதி."

"அந்த விதியைப் போட்டதே நான்தான். பெயரைச் சொல்லு, இல்லைன்னா நாளைக்கு உனக்கு இங்கே வேலை கிடையாது."

செல்லக்கிளி கோப்பிலிருந்து மதிப்பீட்டுத் தாளை எடுத்து நீட்டினாள். அடியில் கோதண்டபாணியின் கையெழுத்து இருந்தது.

"வழக்கம்போல எழுதியவர் பெயரை நீக்கித்தான் உங்களுக்கு அனுப்பினேன், சார். உங்கள் கட்டுரையை உங்களுக்கே அடையாளம் தெரியவில்லை."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் மாணவி நித்திலா எழுதினது" என்றார் மெதுவாக.

"அப்படியானால் நித்திலா பெயரில் பதிந்து, இந்த முறை உண்மையிலேயே படித்துப் பார்க்கிறவர் யாருக்காவது அனுப்புகிறேன், சார்."