ஓபோ தொடங்கும் இடம்

"க்ரூனர், உங்களை எழுப்ப ஆள் அனுப்ப வேண்டுமா?"

வயலின்காரர்களில் சிலர் சிரித்தார்கள். க்ரூனர் ஓபோ குழலை உதட்டிலிருந்து எடுத்தார். போர்க்கைதி முகாமிலிருந்து திரும்பிய ஒல்லி மனிதர். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

"மன்னிக்க வேண்டும், ஐயா."

"தினமும் மன்னிக்க எனக்கு நேரமில்லை" என்றான் இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்த எம்மெரிக். "எல்லோரும் போய்ச் சூப் குடித்துவிட்டு வாருங்கள்."

போர் முடிந்த பின் ஆஸ்திரியாவில் வந்த முதல் குளிர்காலம் அது. அரங்கின் கூரையில் பாதி தார்ப்பாய். ஐந்தாவது வரிசையில் ஓவர்கோட்டோடு உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார் லைட்னர். ஒத்திகையில் இருந்த சிம்பொனி அவர் எழுதியது. இதே குழுவைப் பல வருஷம் நடத்தியவரும் அவர்தான். ஜெர்மன் படை உள்ளே வருவதற்கு முந்தின மாதம் நடத்துபவரின் கோலை உதவியாளனான எம்மெரிக்கின் கையில் கொடுத்துவிட்டு வெளிநாடு போனார். அங்கே குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். இப்போது திரும்பி வந்தும் மேடையேற மறுத்துவிட்டார். "கை நடுங்குகிறது. நான் கோலை எடுத்தால் இரங்கல் இசைகூட ஓட்டம் பிடிக்கும்."

எம்மெரிக் இறங்கி அவரிடம் வந்தான்.

"மாஸ்டர், நாளை கச்சேரி. இந்த ஆளை மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் சரியென்றால் இப்போதே சொல்லிவிடுவேன்."

"நன்றாகத்தானே வாசிக்கிறார்?"

"அந்த ஓர் இடத்தில் எப்போதும் தாமதம்."

"முன்னால் வைஸ் வாசித்தாரே, அவர்?"

எம்மெரிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அவர் தாமதித்ததே இல்லை."

லைட்னர் மிச்ச உருளைக்கிழங்கைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மெல்ல மேடையேறி, க்ரூனரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"நடத்து."

"யாருமே இல்லையே, மாஸ்டர்."

"நான் இருக்கிறேன். என் முறை வரும்போது பாடுகிறேன்."

எம்மெரிக் கோலை எடுத்தான். காலி நாற்காலிகளுக்கு முன்னால் கை அசைத்தான். இரண்டாம் பகுதியில் தந்தி வாத்தியங்கள் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும். எவ்வளவு நேரம் என்பது எழுதப்படவில்லை. நடத்துபவர் நிமிர்ந்து ஓபோவைப் பார்ப்பார். அந்தப் பார்வையில்தான் ஓபோ தொடங்க வேண்டும்.

அந்த இடம் வந்தது. எம்மெரிக் நிமிராமல் தாளின் பக்கத்தைத் திருப்பினான்.

பாட்டு வரவில்லை.

"மறுபடி" என்றார் லைட்னர்.

மறுபடியும் பக்கம் திரும்பியது. பாட்டு வரவில்லை.

"நான் இங்கே இருப்பது உனக்குத் தெரிகிறதா?"

"தெரிகிறது, மாஸ்டர்."

"அது எனக்குத் தெரியவில்லையே."

எம்மெரிக் கோலைக் கீழே வைத்தான். குளிரிலும் காது சுட்டது. தாளைப் பார்த்தபடியே பேசினான்.

"நீங்கள் போன மறு மாதம் இதே ஒத்திகை. இதே இடம். தந்திகள் பிடித்துக்கொண்டிருந்தன. நிர்வாகி பக்கவாட்டுக் கதவால் வந்தார். பின்னால் நாஜிக் கைப்பட்டை கட்டிய ரெண்டு பேர். வைஸின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்கள். யூதர்களைக் குழுவிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள் என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்கள். நான் வைஸிடம் சொல்லவில்லை."

"சரி."

"ஓபோ அவர் உதட்டில் இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன். திருப்ப வேண்டியதே இல்லை, மாஸ்டர். பாதிப் பக்கம் மிச்சமிருந்தது. வயலின்காரர்கள் இழுத்த வில் நுனிவரை வந்து தீர்ந்து போய்ச் சத்தம் தானாக நின்றது. அவர் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைக்கிற சத்தம் கேட்டது. கதவுச் சத்தமும் கேட்டது. அப்புறம்தான் நிமிர்ந்தேன்."

"அப்புறம்?"

"முதல் பகுதியிலிருந்து ஆரம்பிப்போம் என்றேன்."

கூரையில் தார்ப்பாய் படபடத்தது.

"அவர் எங்கே என்று விசாரித்தாயா?"

"போர் முடிந்த பிறகு விசாரித்தேன். போலந்துக்கு ரயிலில் அனுப்பியிருக்கிறார்கள். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை."

லைட்னர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"நான் நிமிர்ந்து பார்த்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும், மாஸ்டர்? எப்படியும் கொண்டு போயிருப்பார்கள்."

"கொண்டு போயிருப்பார்கள்" என்றார் லைட்னர். "வாசித்துவிட்டுப் போயிருப்பார்."

எம்மெரிக் தாளின் ஓரத்தை மடித்தான், நிமிர்த்தினான்.

சூப் குடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். க்ரூனர் கடைசியாக வந்தார். தன் நாற்காலியில் கிழவர் இருப்பதைக் கண்டு நின்றுவிட்டார். தன்னை மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு சூப் வரிசைவரை போயிருக்க வேண்டும். ஓபோவைப் பெட்டிக்குள் வைத்து மூடிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"ஐயா, நான் கிளம்பிவிடட்டுமா?"

எம்மெரிக்கின் கை தன்னால் தாளுக்குப் போனது. பக்கத்தின் மூலையைப் பிடித்தது.

லைட்னர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாற்காலியைக் கைக்குட்டையால் ஒருமுறை தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"அனுப்புவதானால் அனுப்பு, எம்மெரிக். ஆனால் இந்தத் தடவை முகத்தைப் பார்த்து அனுப்பு."