மருத மரத்தில் கொத்திய பொய்

அல்லிக் குளத்து வாத்துகளுக்கு ஒரு காவலாள் தேவைப்பட்டது. பாம்புகள் வந்து முட்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தன.

செய்தி கேட்டுக் கீரி பூவாயி துள்ளிக் குதித்தாள். பாம்பை விரட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. அவளுடைய பழைய வளையும் இடிந்துபோயிருந்தது. காவலாளுக்குக் குளக்கரையில் நனையாத வளை உண்டாம். மழை தொடங்க இன்னும் நான்கே நாள்!

"வேலை உனக்குத்தான்!" என்றாள் வாத்துத் தலைவி. "நீ படித்த பள்ளியில் உன் நடத்தையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம்."

அந்தக் காட்டுப் பள்ளியில் ஏடு கிடையாது. மரங்கொத்தி வாத்தியார் எல்லாவற்றையும் மருத மரத்தில் அலகால் கொத்தி வைப்பார். வடக்குப் பக்கம் வருகை. தெற்குப் பக்கம் நடத்தை.

போன வாத்துகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பின.

"முட்டைக்குக் காவல் கேட்டால் முட்டைத் திருடியா வருவது?"

"யார் திருடி?" என்று பதறினாள் பூவாயி.

"'காடை வீட்டு முட்டையைத் திருடித் தின்றவள்.' உன் பெயருக்கு நேரே இருக்கிறதே!"

பூவாயி ஒரே ஓட்டமாக மருத மரத்துக்கு ஓடினாள்.

"வாத்தியாரய்யா! நான் திருடியதை யார் பார்த்தார்கள்?"

"பார்க்க வேறு வேண்டுமா?" என்றார் மரங்கொத்தி. "பௌர்ணமிக்கு மறுநாள் காடை வீட்டு முட்டையைக் காணோம். வகுப்பில் கீரி நீ ஒருத்திதான். வேறு யார் தின்றிருப்பார்கள்?"

"நான் தின்னவில்லை! திருத்திவிடுங்கள், ஐயா!"

"பதிவு பதிவுதான். போ, போ!"

பூவாயி அழவில்லை. நேராக வழக்குக் கேட்கும் கரடியாரிடம் போய் அவதூறு வழக்குத் தொடுத்தாள். கரடியார் வாயில் ஒட்டிய தேனைத் துடைத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். காடே கூடிவிட்டது.

மரங்கொத்தி சிரித்தார். "பள்ளிப் பதிவுக்கு அவதூறு வழக்கா? நான் என்ன ஊரெல்லாம் கூவினேனா? என் பாட்டுக்கு மரத்தில் கொத்தினேன்!"

"நாங்கள் படித்தோமே!" என்றாள் வாத்துத் தலைவி. "அதனால்தானே வேலை இல்லை என்றோம்!"

"ஒருவர் படித்தாலே போதும்" என்றார் கரடியார். "ஆனால் பூவாயி, பதிவு எழுதுவது வாத்தியாரின் கடமை. விசாரித்து, நம்பி எழுதியிருந்தால், தவறிப்போனாலும் அதை அவதூறு என்று சொல்ல மாட்டேன். திருத்தச் சொல்வேன், அவ்வளவுதான். முதலில் அது பொய் என்று காட்டு!"

தின்னாத முட்டையைத் தின்னவில்லை என்று எப்படிக் காட்டுவது? பூவாயி யோசித்தபடியே மரத்தைச் சுற்றினாள். வடக்குப் பக்கம் சட்டென்று நின்றாள்.

"கரடியாரே, இங்கே வாருங்கள்! முட்டை காணாமல் போன அதே நாளின் வருகையைப் படியுங்கள்!"

கரடியார் உரக்கப் படித்தார். "'பௌர்ணமிக்கு மறுநாள். பூவாயி வரவில்லை. காலில் முள். ஆற்றுக்கு அக்கரையில் அத்தை வீட்டில் படுத்திருக்கிறாள். நானே போய்ப் பார்த்தேன்.' வாத்தியாரே, இதைக் கொத்தியது யார்?"

மரங்கொத்தி அந்தக் கொத்தல்களை உற்றுப் பார்த்தார். "நான்தான்."

"தெற்கே கொத்தும்போது வடக்கே ஒருமுறை எட்டிப் பார்த்தீரா?"

"மரம் கொஞ்சம் பருமன், கரடியாரே..."

குரங்குகள் கிளையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தன.

"அப்படியானால் முட்டையைத் தின்றது யார்?" என்று கத்தினார் வாத்தியார்.

"அது வேறு வழக்கு!" என்றார் கரடியார். "கீரி என்றால் திருடுவாள் என்று நினைத்துக்கொண்டு, கண்முன் இருந்த உண்மையைக்கூடப் பாராமல் கொத்தினீர். இது கைப்பிழை இல்லை, அவதூறு! 'இது பொய், விசாரிக்காமல் எழுதினேன்' என்று அதன் கீழேயே கொத்தும். படித்தவர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொல்லும்!"

டொக், டொக், டொக்! வாத்தியாருக்கு அலகு வலித்தது.

"இன்னும் ஆழமாய், வாத்தியாரே!" என்று அணில்கள் கேலி செய்தன. "பொய்யை இதைவிட அழுத்திக் கொத்தினீர்களே!"

அன்று மாலையே வாத்தியார் குளக்கரைக்குப் போய்த் தலை குனிந்து உண்மையைச் சொன்னார். வாத்துத் தலைவி பூவாயியிடம் மன்னிப்புக் கேட்டு, வளையைக் காட்டினாள்.

நான்காம் நாள் மழை கொட்டியது. பூவாயி உலர்ந்த வளையின் வாசலில் உட்கார்ந்து முட்டைகளைக் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு பாம்பு தலையை நீட்டியது. அவளைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது.

ஒருவர் பெயருக்கு நேரே எதையும் எழுதுமுன் அது உண்மைதானா என்று விசாரிக்க வேண்டும். பாராமல் எழுதிப் பிறர் வாழ்வைக் கெடுக்கும் பொய், பள்ளிப் பதிவில் இருந்தாலும் அவதூறுதான்.