பொந்துக்குள் இருந்த மாப்பிள்ளை

மலைக்காட்டில் குமிழன் என்ற ஆண் இருவாச்சிக்கும் பூவரசி என்ற பெண் இருவாச்சிக்கும் காதல். காட்டுக்கே தெரிந்த காதல் அது. குமிழன் ஒரு கிளையிலிருந்து அத்திப்பழத்தை வீசுவான். பூவரசி அடுத்த கிளையிலிருந்து அலகால் கவ்விப் பிடிப்பாள். ஒரு பழம்கூடக் கீழே விழாது.

கீழ்க்கிளையில் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்த மலையணில் அலுத்துப்போனது. "சீக்கிரம் கல்யாணத்தைப் பண்ணித் தொலைங்க! நானாவது வேற மரம் பார்த்துக்கறேன்!" என்றது.

கல்யாணமும் ஆயிற்று. உயரமான நாவல் மரத்தில் நல்ல பொந்து ஒன்றும் அமைந்தது.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பொந்துக்குள் போய்விடும். வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு சின்னக் கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே போனபின் சிறகிறகுகள் உதிர்ந்துவிடும். குஞ்சு ஓரளவு வளரும்வரை அவளால் பறக்க முடியாது. வெளியே இருக்கும் ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு. அவன் வராவிட்டால் அவளும் இல்லை, குஞ்சும் இல்லை.

பூவரசிக்குக் குஞ்சு மேல் கொள்ளை ஆசை. ஆனால் பொந்துக்குள் போவதை நாள் நாளாகத் தள்ளிப்போட்டாள். குமிழனின் குணம் அவளுக்குத் தெரியும்.

அவன் மனசு தங்கம். சிறகுதான் வீடு தங்காது. "இதோ வந்துட்டேன்" என்று கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவான். பக்கத்தில் பழுத்துத் தொங்கும் அத்திகளை எல்லாம் விட்டுவிட்டு, தூரத்து மலையிலிருந்து ஒரே ஒரு காட்டு ஜாதிக்காய் கொண்டுவருவான்.

"பார்த்தியா! உனக்காக மூணு மலை தாண்டினேன்!"

"பக்கத்து மரத்துலயே அத்தி இருந்ததே, குமிழா?"

"அத்தியை யாரு வேணும்னாலும் தருவாங்க! காதலிக்கிறவன் தர்ற பழமா அது?"

பறக்கிறவளுக்கு அது காதல்தான். பறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவளுக்கு? பூவரசி அதைத்தான் யோசித்தாள்.

யோசிக்க விட்டால்தானே! தவிட்டுக்குருவிகள் ஏழும் வந்து சேர்ந்தன. அவை கூட்டமாகத்தான் திரியும். ஒன்று வாயைத் திறந்தால் ஏழும் திறக்கும்.

"என்னடி பூவரசி, விசேஷம் ஏதாச்சும் உண்டா?"

"இன்னும் இல்லை, சித்தி."

"இன்னும் இல்லையா! உன் வயசுப் பொண்ணுங்க எல்லாம் பொந்தை அடைச்சாச்சு!"

"பொந்துல குறையா, பொண்ணுல குறையா?"

"நானெல்லாம் அந்தக் காலத்துல எத்தனை குஞ்சு பொரிச்சேன் தெரியுமா!"

"அதுல பாதி குயில் குஞ்சு, அக்கா!"

ஏழும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டே பறந்தன. ஆனால் அவை போட்ட முள், பக்கத்துக் கிளையில் கேட்டுக்கொண்டிருந்த குமிழன் மனதில் தைத்துவிட்டது.

"பூவு, எல்லாரும் கேக்கறாங்க. நாளைக்கே மண் கொண்டுவரட்டுமா?"

"எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பயம்? நான்தான் வெளியே இருக்கேனே!"

"அதுதான் பயம்!"

குமிழனின் முகம் வாடிப்போனது. "என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உன் காதல்மேல இருக்கு. 'இதோ வந்துட்டேன்'ங்கற பேச்சுமேல இல்லை." அவள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். "ஒரே ஒரு நாள், நீ உள்ளே இரு. நான் வெளியே இருக்கேன்."

"ஆம்பளை இருவாச்சி பொந்துக்குள்ளயா? காடே சிரிக்கும்!"

"காடா உள்ளே போய் உக்காரப்போவுது? நான்தானே!"

குமிழன் ஒப்புக்கொண்டான். விடிந்ததும் பொந்துக்குள் போனான். பூவரசி ஓடைமண்ணைக் குழைத்து வாசலைப் பூசினாள்.

செய்தி எப்படித்தான் பரவியதோ! தவிட்டுக்குருவிகள் ஆஜர்.

"ஐயோ, மாப்பிள்ளை முட்டை போடப் போறாரு!"

"மசக்கைக்குப் புளிப்பா ஏதாவது வேணுமா, மாப்பிள்ளை?"

உள்ளே இருட்டு. கீறல் வழியே ஓர் இலையளவு வானம் தெரிந்தது. முதலில் பூவரசி அத்திப்பழம் கொண்டுவந்தாள். அடுத்தும் அத்தி.

"எப்பப் பாரு அத்திதானா?" என்று உள்ளேயிருந்து சலிப்புக் கேட்டது.

"அப்படியா? உனக்குப் பிடிச்சதையே கொண்டுவர்றேன். இதோ வந்துட்டேன்!"

போனாள். வெயில் ஏறியது. வாசல் மண் இறுகியது. குமிழனுக்குப் பசித்தது. கோபம் வந்தது. 'ஒரு பழத்துக்கு இவ்வளவு நேரமா?' என்று முணுமுணுத்தான். பிறகு அது தன் பழக்கம்தான் என்று உறைத்தது.

அப்போது தவிட்டுக்குருவிகள் ஏழும் ஒரே நொடியில் வாயை மூடின. அப்படி நடந்தால் வானத்தில் கழுகு என்று பொருள்.

குமிழனுக்குப் பசி மறந்துபோயிற்று. "பூவு! பூவு!" என்று கத்தினான். இலையளவு வானத்தில் யாரும் இல்லை. அலகால் சுவரைக் கொத்தினான். மண் கொஞ்சம்தான் உதிர்ந்தது. வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பது பசியைவிடப் பெரிய வேதனையாக இருந்தது. 'நான் மூணு மலை தாண்டிப் போற ஒவ்வொரு நாளும் இவள் இப்படித்தான் வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பாளோ?'

பொழுது சாயும் நேரம். சிறகடிக்கும் ஓசை கேட்டது. கீறலுக்கு வெளியே பூவரசி. வாலில் ஓர் இறகு இல்லை. அலகில் காட்டு ஜாதிக்காய்.

"கழுகு துரத்திச்சு. புதர்ல ஒளிஞ்சிருந்தேன். உனக்குப் பசிச்சிருக்கும்... இந்தா, மூணு மலை தாண்டி..."

"பழத்தைத் தூக்கிப் போடு! நீ கிட்ட வா!"

ஜாதிக்காய் கீழே விழுந்தது. "அப்பாடா! கடைசியில ஒரு பழம் விழுந்துச்சு!" என்று மலையணில் தாவிப் பிடித்தது.

இருவரும் இரண்டு பக்கமும் கொத்திச் சுவரை உடைத்தார்கள். தலையெல்லாம் மண்ணாகக் குமிழன் வெளியே வந்தான். அவள் வாலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷம் வேண்டாம், பூவு."

"உனக்குக் குஞ்சு ஆசை இல்லையா?"

"ரொம்ப இருக்கு. ஆனா உள்ளே போறவ நீ. எந்த நாள்னு நீ சொல்லு. அதுவரைக்கும் நான் நேரத்தோட வரப் பழகறேன்."

மறுநாள் தவிட்டுக்குருவிகள் விடவில்லை. "விசேஷம் ஏதாச்சும் உண்டா?"

"உண்டே! நான் வெயில் ஏறறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டேன்!" என்றான் குமிழன்.

பழக்கம் லேசில் போகுமா? ஒருநாள் குரங்குச் சண்டையை வேடிக்கை பார்த்து நின்றுவிட்டான். பாதியில் இலையளவு வானம் நினைவுக்கு வந்தது. யார் ஜெயித்தார்கள் என்றுகூடப் பார்க்காமல் பறந்து வந்தான். பூவரசி அதைக் கவனித்தாள்.

அடுத்த பருவம் வந்தது. பக்கத்து அத்திகள் பழுத்தன. பூவரசி தானாகப் போய்ப் பொந்தின் வாசலில் உட்கார்ந்தாள்.

"குமிழா, மண் கொண்டு வா."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். அதுக்கும் மூணு மலை தாண்டிப் போயிடாதே! ஓடைமண்ணே போதும்!"

சுவர் எழும்பியது. கீறல் மட்டும் மிஞ்சியது. குமிழன் பக்கத்து மரத்து அத்தியையே கொண்டுவந்தான். பசிக்கும் முன்பே கொண்டுவந்தான். கழுகு சுற்றும் நாளில், "இங்கேதான் இருக்கேன், பூவு!" என்று மரத்தடியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் கீறலில் பெரிய அலகுக்குப் பக்கத்தில் குட்டி அலகு ஒன்று எட்டிப் பார்த்தது.

தவிட்டுக்குருவிகள் ஓடிவந்தன. "வாழ்த்துகள், மாப்பிள்ளை! அடுத்த விசேஷம் எப்போ?"

குமிழன் பொந்தைக் காட்டினான். "என்னைக் கேட்டா எப்படி? உள்ளே கேளுங்க!"

தாயாகும் நாளைத் தாய்தான் குறிக்க வேண்டும். அந்த நாளுக்குள் நம்பத் தகுந்தவனாவதே துணைவனின் காதல்.