இரண்டு பேர் ஓட்டம்

அந்தக் காலத்தில் பூனைக்குட்டிகள் வைத்த இடத்திலேயே இருக்கும். பால் குடிக்கும், தூங்கும், அவ்வளவுதான். மிருகங்களும் மனிதர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

மழை பொய்த்த மூன்றாம் வருடம். சீரங்காயி வீட்டில் ஒரே ஒரு பானை விதைக்கம்பு மிஞ்சியிருந்தது. மழை வந்தால் அந்தக் கம்பைத்தான் விதைக்க வேண்டும். ஒரு மத்தியானம் அவளும் புருஷன் மாரப்பனும் தண்ணீருக்குப் போயிருந்தபோது, சுவரைத் துளைத்துக்கொண்டு நான்கு பெருச்சாளிகள் பானையிடம் வந்துவிட்டன. வீட்டில் இருந்தது செவலி என்ற தாய்ப்பூனையும் அதன் ஒரே குட்டியும்தான். செவலி தனியாக நின்று நான்கையும் விரட்டியது. ஆனால் அதன் பின்னங்கால்கள் இரண்டையும் அவை கடித்துக் குதறிவிட்டன.

சீரங்காயி மஞ்சள் அரைத்துப் பூசினாள். அழுகை அடங்கவில்லை.

"இனி உன்னால ஓட முடியாதே, கண்ணு!"

"காலுதான் போச்சு அம்மணி. ஓட்டம் உள்ளே அப்படியே இருக்குது. அதை வீணாக்க மாட்டேன்" என்றது செவலி. தூங்கிக்கொண்டிருந்த குட்டியை இழுத்து, உச்சந்தலையை மூன்று முறை நக்கியது. "என் ஓட்டத்தையும் சேர்த்து நீயே ஓடு."

குட்டி துள்ளி எழுந்தது. அன்றைக்கே தயிர்ச்சட்டி உடைந்தது. மறுநாள் மாரப்பனின் தலைப்பாகை நார்நாராகக் கிழிந்தது. நடந்தால் குதிகாலைக் கடித்தது, உட்கார்ந்தால் முதுகில் ஏறியது.

"இதைக் கொண்டுபோயி ஏரிக்கரையில உட்டுட்டு வாரேன்" என்றான் மாரப்பன்.

"ஏனுங்க, அதோட ஆத்தா இல்லீன்னா நமக்கு விதையேதுங்க?" என்று வழிமறித்தாள் சீரங்காயி. பிறகு செவலியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "உன் பிள்ளைக்கு ஏன் இத்தனை திமிரு?"

"திமிரில்லை அம்மணி. இத்தனூண்டு உடம்புக்குள்ளே இரண்டு பேர் ஓட்டம். அடிச்சு அடக்கினால் அடங்காது, ஓடித்தான் தீரணும். துரத்துறது, பிடிக்கிறது, தின்னுறது, தூங்குறது. எங்க பிழைப்பே அதுதான். அதுக்கு எலி கிடைக்கலை, உன் குதிகால் கிடைச்சுது. விளையாட்டுக் காட்ட உன் கையை மட்டும் நீட்டாதே. வேற ஏதாவது காட்டு."

அன்று பொழுது சாய்கையில் சீரங்காயி ஒரு கயிற்றுத் துண்டைத் தரையில் இழுத்துக்கொண்டு வாசலில் ஓடினாள். குட்டி பதுங்கியது, இடுப்பை ஆட்டியது, பாய்ந்தது. தவறவிட்டு மறுபடி பாய்ந்தது. மூச்சு வாங்கும்வரை ஓடவிட்டு, கடைசியில் கயிற்றைப் பிடிக்கவும் விட்டாள். பிடித்த கையோடு ஒரு வாய் கருவாட்டுச் சோறு வைத்தாள். குட்டி தின்றது, முகம் துடைத்தது, தாயின் வயிற்றோரம் சுருண்டு தூங்கிப்போனது.

செவலி கண்களைப் பாதி மூடியிருந்தது. "நானே ஓடின மாதிரி இருந்துச்சு, அம்மணி" என்றது. சீரங்காயி அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆடியில் மழை பெய்தது. கம்பு விளைந்தது. அவள் ஒருநாள்கூடக் கயிறு இழுக்காமல் இருந்ததில்லை.

பூனைக்குட்டிகள் அந்திநேரத்தில் காரணமே இல்லாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுவது அன்று தொடங்கியதுதான். பாதி ஓட்டம் அவற்றுடையது, மீதி அவற்றின் தாயுடையது.