செழியன் உயரம்

துணி அடிக்கிற சத்தம்தான் முதலில் கேட்கும். தொப்... தொப்... ஆறு அப்போது கண்ணில் பட்டிருக்காது. அந்தச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் ஊர் முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் பஸ் இரைச்சல் கிடையாது. சிமெண்டுக் கல் பாவிய பாதை, ஒரு பக்கம் தாமிரபரணி, மறுபக்கம் வாழைத்தோட்டம், தலைக்கு மேலே மருதமரம்.

கொம்பையா இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விடியலில் இந்த வழியாகத்தான் சைக்கிள் மிதித்துப் போகிறார். ஐம்பத்தேழு வயசு. சைக்கிள் அவருடையது அல்ல, மகன் செழியனுடையது. பத்தொன்பது வயசில், ஏழு நாள் காய்ச்சலில் போய்விட்டான். அப்பாவைவிட அரை அடி கூடுதலாக வளர்ந்த பிள்ளை. தினமும் விடிய இந்தப் பாதையில் போய்வருவான். அவன் பார்த்ததையெல்லாம் பார்க்கலாம் என்றுதான் கொம்பையாவும் வரத் தொடங்கினார்.

சீட்டு மட்டும் அவன் வைத்த உயரத்திலேயே இருந்தது. கொம்பையா நுனிக்காலால் எட்டி எட்டி மிதிப்பார். இடுப்பு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை போய்வரும்.

துறையில் துணி அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏலே, ஒதுங்குங்கலே. நெல்லையப்பர் தேர் ஆடி அசைஞ்சு வருது!"

"வடம் பிடிக்க ஆள் வேணுமா, அண்ணாச்சி?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

வழக்கமாகக் கொம்பையா, "ஆனி மாசம் சொல்லி அனுப்புதேன்" என்று பதில் கொடுப்பார். அன்றைக்குத் தலையைக் குனிந்தபடி மிதித்துக்கொண்டே போனார். கிளம்பும்போதே வீட்டுச் சுவரில் இரண்டு கொக்கி அடித்துவிட்டு வந்திருந்தார். திரும்பிப் போனதும் சைக்கிளைத் தூக்கி மாட்டிவிட வேண்டியது. "கண்ணு முன்னாலயே தொங்கணுமா அது?" என்று மனைவி கேட்டாள்.

பாதை முடிகிற இடத்தில் ஓர் ஓட்டுவீடு. அதில் வடிவம்மா இருந்தாள். நாற்பது வயசு தாண்டியிருக்காது. டவுனிலிருந்து நாலைந்து பேர் அவளிடம் ஏதாவது கேட்டுத் தெளிவதற்கென்று வருவார்கள். பதில் கிடைக்கும் என்று நிச்சயம் இல்லை, தேங்காய் துருவுகிற வேலை கிடைக்கலாம். ஆனாலும் வந்தார்கள். தன்னைவிட இத்தனை இளையவளைக் குரு என்று சொல்லிக்கொள்ள கொம்பையாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அது எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.

முறத்தை முன்னால் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க, அண்ணாச்சி. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணு கேக்கணும், அம்மா."

"கேளுங்க."

"முட்டுக்குப் பின்னால வலி. இனிமே சைக்கிளத் தொடாதீங்க, நடக்க முடியாமப் போயிரும்னு டாக்டர் சொல்லுதாரு. வண்டிய விட்டா பிள்ளைய விட்ட மாதிரி இருக்கு. நான் வண்டிய விடவா, கால விடவா?"

வடிவம்மா கையிலிருந்த இணுக்கை முறத்தில் வைத்தாள். எழுந்துபோய், சுவரில் சாய்ந்திருந்த தன் சைக்கிளை எடுத்தாள்.

"வழியில இருக்கிற கல்மண்டபம் வரைக்கும் போயிட்டு வருவோம். நீங்க முன்னால போங்க."

அவர் முன்னே போனார். அவள் பின்னே வந்தாள். இளவெயில் பட்டு, ஆறு செம்பு நிறத்தில் கிடந்தது. வாழை இலையிலிருந்து பனி சொட்டியது. கல்மண்டபத்தைச் சுற்றித் திரும்பி, வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள்.

"மண்டபத்துப் பக்கத்து மருதமரத்துல நாரை கூடு கட்டியிருக்கு. குஞ்சு கத்துது. பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"போன வருஷமும் கட்டியிருந்துச்சே."

"கண்ணு பூரா பெடல்லயே இருக்கும்மா. கொஞ்சம் அசந்தா கால் தப்பிரும்."

"ரெண்டு வருஷமாவா?"

கொம்பையா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

வடிவம்மா உள்ளே போய் ஒரு ஸ்பேனரும், மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் எடுத்து வந்தாள். ஸ்பேனரைப் பார்த்ததும் கொம்பையா சீட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"அது மட்டும் வேண்டாம்மா. அது அவன் உயரம். அவன் கை வச்சது. பஞ்சர் கடைக்காரன் ஒரு தரம் இறக்க வந்தான், நடுரோட்டுல சண்டையே போட்டுட்டேன்."

"எட்டி எட்டி மிதிச்சா முட்டு வலிக்காம என்ன செய்யும்? எங்கூடயும் சண்டை போடுவீங்களோ?"

"அம்மா..."

"நான் சீட்டத் தொடல. கம்பியத் துடைக்கத்தான் போறேன். கைய எடுங்க."

சீட்டுக் கம்பியில் தூசியும் எண்ணெயும் கட்டிக் கறுத்துக் கிடந்தது. அவள் அழுத்தித் துடைத்தாள். துணி கறுத்தது, கம்பி வெளுத்தது. வெளுத்த கம்பியில், மோதிரம் போட்ட மாதிரி, ஒன்றன்கீழ் ஒன்றாகத் துருக்கோடுகள் தெரிந்தன. நாலு கோடு. கம்பி குழாய்க்குள் நுழைகிற இடத்தில் இன்னொன்று.

"இதெல்லாம் என்ன, அண்ணாச்சி?"

கொம்பையா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மேல உள்ளது... வண்டி வாங்குன அன்னைக்கு, சீட்ட அடியோட இறக்கி வச்சது. எட்டாம் வகுப்பு. அதுக்கே கால் எட்டலன்னு அழுதான்." விரல் இறங்கியது. "இது ஒம்பதாவது. இது பத்தாவது லீவுல. ராத்திரி படுத்தவன் காலையில நெட்டையா எந்திரிச்ச மாதிரி இருக்கும். 'ஸ்பேனர் எங்கப்பா'ன்னு வந்து நிப்பான்."

நாலாவது கோட்டில் விரல் நின்றது.

"இது வச்ச வருஷம் நானும் அவனும் ஒரே உயரம். என் சட்டையெல்லாம் எடுத்துப் போட்டுட்டுப் போயிருவான். நான் ஆபீசுக்கு நேரமாச்சுன்னு பனியனோட கத்திக்கிட்டு நிப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"அஞ்சு கோடு இருக்கு," என்றாள் வடிவம்மா. "இதுல எது செழியன் உயரம்?"

கொம்பையா மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோட்டையும் மறுபடி விரலால் தடவினார். வெயில் வாசலுக்கு ஏறி வந்தது. அப்புறம் அவராகவே ஸ்பேனருக்குக் கை நீட்டினார்.

நட்டு துருவேறி இறுகிப்போயிருந்தது. இரண்டு கையும் கொடுத்துத் திருப்பினார். ஒரு முனகலோடு இளகியது. சீட்டை அமுக்கப் போனவர் சட்டென்று நிறுத்தினார்.

"அம்மா."

"ம்."

"நாலாவதுக்கு இறக்குனா, அந்தக் கடைசிக் கோடு குழாய்க்குள்ள போயிரும்லா?"

"போகும்."

"அப்புறம் பாக்க முடியாதே."

வடிவம்மா முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"உள்ள போனா மழை படாது, அண்ணாச்சி," என்றாள். விட்ட இணுக்கை எடுத்துக் கீரையை உருவத் தொடங்கினாள்.