காரைச்செடி தள்ளி நின்ற கதை

அந்தக் காலத்தில் செடிகளுக்குக் காலும் இருந்தது, வாயும் இருந்தது. வாய் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மழை எங்கே, மழை எங்கே என்று கேட்டுக்கொண்டு பாறைப் பள்ளத்தாக்கு நெடுகக் கூட்டமாக நடக்கும். பொழுது சாய்ந்தால் நெருக்கியடித்து நின்று ஒரு சாண் ஆழத்துக்கு வேரை இறக்கும். அதற்கு மேல் இறக்கினால் விடிந்ததும் பிடுங்கிக்கொண்டு நடக்க முடியாது.

அந்தக் கூட்டத்தில் காரைச்செடியும் ஆவாரையும் இணைபிரியாதவர்கள். காரைக்கு உடம்பெல்லாம் முள். ஆவாரை ஒருத்திதான் அதைப் பொருட்படுத்தாமல் ஒட்டி நிற்பாள். "குத்துதுன்னு தள்ளி நின்னா எனக்குத் தூக்கம் வராது மதினி" என்பாள். உறவுமுறை ஒன்றும் கிடையாது, ஆசைக்குக் கூப்பிடுவதுதான்.

ஒரு வருஷம் வானம் பொய்த்தது. நடக்கத் தெம்பில்லாமல் எல்லாம் ஒரு பாறைச்சரிவில் குவிந்து நின்றன. ஆவாரையின் பூ கருகியது. பிறகு இலையும் உதிர்ந்தது. வளையிலிருந்து வெளியே வந்த உடும்பிடம் காரை கேட்டாள்: "கீழே தண்ணி இருக்கா அண்ணே?"

"இருக்கு தாயி, ஒரு வாய். அதுக்கு உன் வேரும் அவ வேரும் முட்டிக்கிட்டுக் கெடக்கு. குடிக்கிறது என்னவோ நீதான்."

காரைக்குச் சுரீரென்றது. ஆவாரை கண்ணயர்ந்த மத்தியான வெயிலில் வேரைப் பிடுங்கிக்கொண்டு பத்தடி நடந்தாள். ஆவாரை கூப்பிட்டால் திரும்பி ஓடிவிடுவோம் என்று காரைக்குத் தன்னைப் பற்றி நன்றாகவே தெரியும். அதனால் பாறை வெடிப்பில் வேரை ஒரு சாணோடு நிறுத்தாமல் ஆள் ஆழத்துக்கு இறக்கிவிட்டாள்.

கண்விழித்த ஆவாரை பதறினாள். "மதினி! என்ன கோவம்? வந்துரு!"

"கோவமில்லடி. நீ குடி."

அதைப் பார்த்து மற்றச் செடிகளும் ஒவ்வொன்றாக விலகிப்போய் ஆழ வேரிறக்கின. ஒருவழியாக மழையும் வந்தது. மஞ்சளாய்ப் பூத்த ஆவாரை காரையிடம் ஓடப் பார்த்தாள். ஆனால் தாராளமாகக் குடித்த நாட்களில் அவள் வேரும் கீழே வெகுதூரம் போயிருந்தது. இருவரும் இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். பத்தடிதான், போக முடியவில்லை. காரை அன்று ஏக்கம் தாளாமல் வாய்விட்டு அழுதாள். அதைக் கேட்டு வாயடைத்துப்போன செடிகள் எதுவும் அதற்குப் பிறகு பேசியதில்லை.

அன்று முதல்தான் பாறைக்காட்டில் செடிகள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன. நடுவே தெரியும் வெறுந்தரை, மற்றவள் குடிக்கட்டும் என்று விட்ட இடம்.