பங்குனிப் பெட்டி

ஏலகிரி மலையில், பலாத்தோப்பை ஒட்டி ஒரு சின்ன மடம் இருந்தது. ஐந்து அறைகள், ஒரு சமையற்கட்டு, நீள மேசை போட்ட ஒரு சாப்பாட்டுக் கூடம். மடத்தை நடத்தியவர் பூரணி அம்மை. அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அங்கே வந்து தங்குகிறவர்களில் பலரும் அவரைவிட மூத்தவர்கள். இருந்தாலும் எல்லோரும் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

மடத்தில் பெரிய விதி ஒன்றுதான். தங்க வருகிறவர் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், மலையைவிட்டு இறங்கக் கூடாது. நடுவில் இறங்கினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். திரும்பி வந்ததும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான்.

டாக்டர் நவநீதம் மூன்று முறை ஒன்றிலிருந்து தொடங்கியவர்.

அவருக்கு அறுபத்தொரு வயது. சென்னையில் முப்பத்திரண்டு வருடம் அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுத்தவர். எத்தனையோ ஆயிரம் பேரைத் தூங்க வைத்துவிட்டு, இப்போது தனக்குத் தூக்கம் வராமல் மலை ஏறி வந்திருந்தார். அவரிடம் பட்டு ஸ்கார்ஃப்கள் இருந்தன. பெயர் பெற்ற வடிவமைப்பாளர்கள் வரைந்தவை, எண் போட்டு விற்றவை, ஒவ்வொன்றும் தனித்தனி அட்டைப் பெட்டியில். நூற்று நாற்பத்து மூன்று பெட்டிகள்.

முதல் முறை பத்தொன்பதாம் நாள் இறங்கினார். சென்னையில் மழை விடாமல் பெய்கிறது என்று கேள்விப்பட்டார். அலமாரியில் ஈரம் ஏறியிருக்குமோ என்ற பயம். இரண்டாம் முறை முப்பத்து நான்காம் நாள். ஸ்கார்ஃப்களைப் பிரித்து மடிப்பு மாற்றும் தேதி வந்துவிட்டது. மூன்றாம் முறை எட்டாம் நாளே இறங்கினார். நுங்கம்பாக்கத்துக் கடையில் புதுச் சரக்கு திறக்கிறார்கள் என்று சேதி வந்தது.

நான்காம் முறை புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். எல்லாப் பெட்டிகளையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

வண்டியிலிருந்து ஆறு பெரிய சூட்கேஸ்கள் இறங்கின. அம்மை வாசலில் நின்று பார்த்தார்.

"இவங்களும் மண்டலம் இருக்கப்போறாங்களா, டாக்டரம்மா?"

"இவங்க இங்க இருந்தாத்தான் நான் இருப்பேன்மா."

அம்மை சிரித்துவிட்டு ஈரம் இல்லாத அறையாகப் பார்த்துக் கொடுத்தார்.

முப்பது நாள் ஓடிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தது இதுதான் இரண்டாவது தடவை. முப்பத்தோராம் நாள் காலை கஞ்சி குடித்துவிட்டு நவநீதம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் இப்ப எந்த வேலைக்கும் போறதில்ல. யாரையும் பார்த்துக்க வேண்டிய பொறுப்பும் இல்ல. வேளைக்குச் சாப்பாடு. அப்படியும் எனக்கு ஏன் இவ்வளவு களைப்பு?"

அம்மை யோசித்தார்.

"இன்னைக்கு என்ன வேலை வெச்சிருக்கீங்க?"

"இன்னைக்கா? இன்னைக்கு மடிப்பு மாத்தணும்மா. நாலு மாசம் ஆயிடுச்சு. அதுக்குத்தான் இந்த மேசையை ரெண்டு நாள் தர முடியுமான்னு..."

"வாங்க, நானும் வரேன்."

மேசையைத் துடைத்து வெள்ளை வேட்டி விரித்தார்கள். நவநீதம் இரண்டு ஜோடி வெள்ளைக் கையுறை எடுத்துவந்தார். அம்மையின் விரல்கள் நீளம், கையுறை முழுதாக ஏறவில்லை.

"பட்டை ஒரே மடிப்பில ரொம்ப நாள் வெச்சா அந்தக் கோட்டிலேயே நைஞ்சிடும்மா. அதனால நாலு மாசத்துக்கு ஒரு தரம் பிரிச்சு, வேற இடத்தில மடிக்கணும். உள்ள மெல்லிசு காகிதத்தைச் சுருட்டி வைக்கணும், மடிப்பு கூராகாம இருக்க. அப்புறம் அட்டையில தேதி போடணும். பென்சில்லதான்."

அம்மை முதல் ஸ்கார்ஃபை விரித்தார். கடல் நீலம், ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கொக்குகள். ஓரத்தைச் சுருட்டிக் கையாலேயே தைத்திருந்தார்கள். அதை அப்படியே மடிக்கப் போனார்.

"அங்க இல்லம்மா. அது பழைய மடிப்பு."

"துணி தானாவே அங்க போகுதே."

"அது போகும். நாம விடக் கூடாது."

அம்மை தலையாட்டிவிட்டு, இரண்டு விரல் தள்ளி மடித்தார். இந்த வேலையில் நவநீதம்தான் ஆசிரியர். அது நவநீதத்துக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சமையல் பார்க்கும் செண்பகவல்லி வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இத்தனையும் கழுத்துக்கா? இருக்கிறது ஒரு கழுத்துதானே, டாக்டரம்மா."

"உள்ள வராதே, கையில மஞ்சள்."

"நான் ஏன் வரேன். இதைக் கட்டிக்கிட்டு ரசம் சாப்பிட முடியுமா? தெறிச்சா போச்சு."

"யாரு கட்டிக்கப் போறா?" என்று நவநீதம் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தார்.

பத்துப் பெட்டி, இருபது பெட்டி. நவநீதத்துக்கு இடுப்பு வலித்தது. அம்மை ஒரு பெட்டியின் அட்டையை எடுத்து வாசித்தார். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினான்கு தேதிகள்.

"இதெல்லாம் கட்டிக்கிட்ட நாளா?"

"இல்லம்மா. மடிப்பு மாத்தின நாள்."

நாற்பதாவது பெட்டியோ என்னவோ, அம்மை விரித்த மஞ்சள் ஸ்கார்ஃபில் நடுவாக ஒரு விரிசல் தெரிந்தது. கத்தியால் கீறியதுபோல நேராக ஓடியிருந்தது.

"கட்டாமலே கிழிஞ்சிருக்கே."

நவநீதம் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு வருடம் காய்ச்சலில் படுத்திருந்தபோது மடிப்பு மாற்றவில்லை. அந்த வருடம் நடந்திருக்கும். அதையும் மற்றவற்றைப் போலக் காகிதம் வைத்து மடித்து, தேதி போட்டு மூடினார்.

மடித்துக்கொண்டே பேசினார். கேட்காமலேயே பேசினார்.

"ஆபரேஷன் முடிஞ்சு கண் முழிக்கிறவங்க முதல்ல சர்ஜனைத்தான் தேடுவாங்க. அவர் கையைப் பிடிச்சிட்டு அழுவாங்க. நான் தலைமாட்டிலேயே நிப்பேன். அத்தனை நேரமும் அவங்க மூச்சை எண்ணினவ நான்தான். ஆனா என்னை யாருக்கும் தெரியாது. தப்பில்ல, எப்படித் தெரியும்? நான் வந்ததும் தூங்கிடுறாங்க."

அம்மை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒரு நாள் டியூட்டி முடிஞ்சு போற வழியில அந்தக் கடைக்குள்ள போனேன். சும்மா ஏசிக்காக. ஒண்ணு வாங்கினேன். அடுத்த தரம் போனப்ப அந்தப் பொண்ணு, 'வாங்க டாக்டர் நவநீதம்'னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு."

அம்மை அடுத்த பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்தது. எண்பது பெட்டி முடிந்திருந்தது. அப்போது செண்பகவல்லி கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தங்கியிருக்கிறவர்களின் கைபேசி எல்லாம் சமையற்கட்டு அலமாரியில்தான் இருக்கும்.

"டாக்டரம்மா, உங்களுக்குப் பங்குனி வந்துடுச்சாம். நான் இப்ப கார்த்திகைதானே நடக்குதுன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிக்குது."

நவநீதத்தின் கை அப்படியே நின்றது. கையுறையைக்கூடக் கழற்றாமல் கைபேசியை வாங்கினார்.

"மேடம், உங்களுக்குத்தான் முதல்ல கூப்பிடறேன்," என்றது கடைப் பெண்ணின் குரல். "பங்குனி கடைசியா வந்திருச்சு. இன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குக் கடை மூடறதுக்குள்ள நீங்க நேர்ல வரணும். இல்லேன்னா வரிசையில அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவோம். அது ரூல் மேடம், என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"வரேன்மா," என்று நவநீதம் சொல்லிவிட்டார். செண்பகவல்லியிடம் கீழே கடைத்தெருவிலிருந்து வாடகை வண்டியைக் கூப்பிடச் சொன்னார். எல்லாம் ஒரு நிமிடத்தில் நடந்தது. பிறகுதான் அம்மையின் ஞாபகம் வந்தது. அம்மை ஒரு ஸ்கார்ஃபின் நுனியை நீவிக்கொண்டிருந்தார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"தமிழ் மாசம் பன்னிரண்டுக்கும் ஒருத்தர் ஸ்கார்ஃப் வரைஞ்சார்மா. ஒவ்வொரு மாசத்துக்கும் முப்பதுதான். பேர் கொடுத்தவங்களுக்கு முதல்லயே பன்னிரண்டு வெறும் பெட்டியையும் கொடுத்துட்டாங்க. ஸ்கார்ஃப் ஒவ்வொண்ணாப் பதினொண்ணு வந்துச்சு. பங்குனியை மட்டும் மூணு வருஷமா முடிக்கவே இல்ல. நான் மூணு வருஷமாக் காத்திருக்கேன்."

"சரி."

"போனா மண்டலம் போயிடும்."

"ஆமா."

"இன்னும் பதினேழு நாள்தான் இருக்கு. இதோட நாலாவது தரம். மறுபடி முதல்லேருந்து தொடங்க உடம்பில தெம்பு இருக்குமான்னு தெரியல." நவநீதம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆனா பங்குனி இல்லாம அந்தப் பதினொண்ணுக்கும் அர்த்தமே இல்லம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

அம்மை கையை நீட்டினார்.

"அடுத்த பெட்டியைக் கொடுங்க. வண்டி வர நேரமாகும்ல."

அடுத்த வரிசை அந்த மாதங்களின் வரிசைதான். கரும்பச்சைப் பெட்டிகள், மூடிமேல் பொன்னெழுத்தில் மாதப் பெயர். சித்திரையில் தொடங்கி இருவரும் ஒவ்வொன்றாகப் பிரித்து மடித்தார்கள். ஆடியில் காற்று வரைந்திருந்தது. ஐப்பசியில் மழை. மாசியில் ஒரு முழு நிலா. ஒவ்வொன்றையும் அம்மை கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு," என்றார். மனசோடுதான் சொன்னார்.

கடைசிப் பெட்டியைத் தூக்கியபோது அது கனமே இல்லாமல் வந்தது. அம்மை திறந்தார். உள்ளே வெள்ளைக் காகிதம். அதற்கு மேல் ஒரு அட்டை. அதில் ஒரு தேதியும் இல்லை. ஆனால் மூடியின் ஓரம் மட்டும் திறந்து திறந்து மூடியதில் தேய்ந்து வெளுத்திருந்தது.

"இதைத்தான் அடிக்கடி திறப்பீங்களா?"

நவநீதம் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"தினமும். காலையில எழுந்ததும் ஒரு தரம். சும்மா திறந்து வெச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன். காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும்."

"அந்த நேரத்தில களைப்பு இருக்குமா?"

நவநீதம் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இருக்காது."

வெளியே மழையில் ஒரு வண்டி மேடேறி வரும் சத்தம் கேட்டது. செண்பகவல்லி குடையைத் தேடிக்கொண்டு ஓடினாள். அம்மை கையுறைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்தார். பங்குனிப் பெட்டியை மூடி நவநீதத்தின் பக்கமாகத் தள்ளினார்.

"காலையில ஏன் இவ்வளவு களைப்புன்னு கேட்டீங்க, டாக்டரம்மா. இந்த நூத்தி நாப்பத்து மூணில உங்ககிட்ட ஒரு வேலையும் வாங்காத பெட்டி இது ஒண்ணுதான். இதையும் நிரப்பணும்னா, போயிட்டு வாங்க."

வாசலில் ஹாரன் ஒரு முறை அடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை அடித்தது.

மேசையின் அந்தப் பக்கம் மடிப்பு மாற்ற இன்னும் ஐம்பத்தொரு பெட்டிகள் இருந்தன. நவநீதம் எழுந்திருக்கவில்லை.